பெட்டியில் அச்சிட்ட வேகமும் மேசையில் கிடைக்கும் வேகமும்: வீட்டுக் கணினிக்கு மூன்று டிரைவுகள்

திருப்பூரில் எங்கள் வீட்டுக் கணினியில் இப்போது மூன்று டிரைவுகள் வேலை செய்கின்றன. விண்டோஸும் மென்பொருள்களும் இருப்பது வெஸ்டர்ன் டிஜிட்டலின் பிளாக் எஸ்என்770 என்னும் 1 டிபி என்விஎம்இ டிரைவில், அதாவது மதர்போர்டிலேயே செருகும் வேகமான எஸ்எஸ்டியில் (சில்லுகளில் தரவைச் சேமிக்கும் டிரைவு). நடப்பு வேலைகள் இருப்பது சாம்சங் 870 ஈவோ என்னும் 1 டிபி சாட்டா எஸ்எஸ்டியில், அதாவது கேபிளால் இணையும் பழைய வகையில். முடிந்த வேலைகள் போய்ச் சேர்வது சீகேட் அயர்ன்வுல்ஃப் என்னும், சுழலும் தட்டில் தரவைப் பதியும் 4 டிபி ஹார்டு டிஸ்க்கில். தம்பி கல்யாணப் புகைப்படங்களையும் சிறு வீடியோக்களையும் வீட்டிலிருந்தே எடிட் செய்து கொடுக்கிறான். மற்ற நேரங்களில் அதே கணினியில் வீட்டுக் கணக்கும் பிள்ளைகளின் படிப்பும் நடக்கின்றன. மூன்று பொருள்களைப் பற்றியும் தனித்தனியாகச் சொல்ல இருக்கிறது என்றாலும், இந்தக் கணினி வேகமாக இருப்பதற்குக் காரணம் அவற்றில் எந்த ஒன்றின் விலையும் அல்ல, எந்த வேலை எந்த டிரைவின் மேல் விழுகிறது என்று பார்த்துப் பிரித்து வைத்ததுதான் என்பது என் உறுதியான கருத்து.

கடைகளில் டிரைவை விற்பது பெட்டியில் அச்சிட்டிருக்கும் ஒரே ஓர் எண்ணைக் காட்டித்தான். 870 ஈவோவின் பெட்டியில் நொடிக்கு 560 எம்பி என்றும், எஸ்என்770 பெட்டியில் 5,150 எம்பி என்றும், சாம்சங் 990 புரோவின் பெட்டியில் 7,450 எம்பி என்றும் போட்டிருக்கிறது. இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் எவரும் 990 புரோ சாட்டா டிரைவைவிடப் பதின்மூன்று மடங்கு வேகமானது என்றே நினைப்பார்கள். அது ஒரே பெரிய கோப்பைத் தொடர்ச்சியாகப் படிக்கும்போது கிடைக்கும் உச்ச வேகம். விண்டோஸ் எழும்போதும் போட்டோஷாப் திறக்கும்போதும் நடப்பது அதுவன்று; நான்கு கேபி அளவுள்ள துணுக்குகளை ஆயிரக்கணக்கில் இங்கொன்றும் அங்கொன்றுமாக, பெரும்பாலும் ஒன்று வந்த பிறகே அடுத்ததைக் கேட்டுப் படிக்கும் வேலை அது. அந்த வேலைக்கான எண்ணைச் சாம்சங் நிறுவனமே தன் விவரக் குறிப்பில் கொடுத்திருக்கிறது: 870 ஈவோவுக்கு நொடிக்கு 13,000 படிப்புகள், 990 புரோவுக்கு 22,000. பதின்மூன்று மடங்கு என்று பெட்டியில் தெரிந்தது இங்கே இரண்டு மடங்குகூட ஆகவில்லை.

ஹார்டு டிஸ்க்கிலிருந்து எஸ்எஸ்டிக்கு மாறும்போது கிடைக்கும் தாவல் அப்படிப்பட்டதன்று. நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் தட்டு ஒரு முழுச் சுற்றுக்கு 8.33 மில்லிநொடி எடுத்துக்கொள்கிறது. வேண்டிய இடம் தரவைப் படிக்கும் முனைக்கு அடியில் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4.17 மில்லிநொடி ஆகும். முனை சரியான தடத்துக்கு நகர இன்னும் எட்டு ஒன்பது மில்லிநொடி பிடிக்கும். இரண்டையும் கூட்டிப் பார்த்தால் நொடிக்கு ஏறத்தாழ எண்பது துணுக்குகளுக்கு மேல் படிக்க முடியாது. இதை எந்த அமைப்பு மாற்றமும் மென்பொருளும் பெரிதாக உயர்த்திவிடாது. எண்பதிலிருந்து 13,000க்குப் போவது ஒருவர் கணினியை அமுக்கிவிட்டு டீ போடப் போகும் பழக்கத்தையே நிறுத்திவிடும் மாற்றம். 13,000லிருந்து 22,000க்குப் போவதை வீட்டு வேலையில் கண்ணால் பார்த்துச் சொல்வது கடினம். ஆகவே பழைய கணினியில் இன்னமும் ஹார்டு டிஸ்க்கிலேயே விண்டோஸ் வைத்திருப்பவர்கள், எந்த எஸ்எஸ்டி என்று ஆராய்வதற்கு முன் ஏதாவது ஒரு நல்ல எஸ்எஸ்டிக்கு மாறிவிட வேண்டும்.

இனி எஸ்என்770 பற்றி. 2022இல் வந்த டிரைவ் இது. இதில் டிராம் என்னும் தனி நினைவகச் சில்லு கிடையாது; எந்தத் தரவு எங்கே இருக்கிறது என்ற வரைபடத்தின் ஒரு பகுதியைக் கணினியின் ரேமிலிருந்தே சிறிதளவு கடன் வாங்கி அதில் வைத்துக்கொள்ளும் முறையைப் பின்பற்றுகிறது. டிராம் இல்லாத எஸ்எஸ்டி என்றாலே வாங்கக் கூடாது என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். சாட்டா டிரைவுகளைப் பொறுத்தவரை அந்த எச்சரிக்கை இன்றும் சரிதான், ஏனென்றால் சாட்டா வழியாக ரேமைக் கடன் வாங்கும் வசதி இல்லை. என்விஎம்இயில் அந்த வசதி இருப்பதாலும், இந்த டிரைவை இயக்கும் கன்ட்ரோலர் சில்லு திறமையானது என்பதாலும், விண்டோஸ் டிரைவாக இது எந்தக் குறையும் வைக்கவில்லை. படங்களைத் திருத்தும் லைட்ரூம் மென்பொருளில் படங்களின் முன்னோட்டங்கள் நகரும் வேகமும், பெரிய ஆல்பம் கோப்பைப் போட்டோஷாப் சேமிக்கும் வேகமும் தம்பியைத் திருப்திப்படுத்தியிருக்கின்றன. 1 டிபி டிரைவுக்கு மொத்தம் 600 டிபி தரவு எழுதும் வரையிலோ ஐந்து ஆண்டுகள் வரையிலோ, எது முந்துகிறதோ அதுவரை உத்தரவாதம். ஐந்து ஆண்டுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 300 ஜிபிக்கு மேல் வருகிறது. கல்யாண சீசனில்கூட ஒரு வீட்டுக் கணினி அவ்வளவு எழுதாது.

ஆனால் இந்த டிரைவின் முழு வேகம் கிடைப்பது அதைச் செருகும் இடத்தைப் பொறுத்தது, இதைக் கடையில் யாரும் தாமாகச் சொல்வதில்லை. எங்கள் மதர்போர்டு பி550 வகை, பிராசசர் ரைசன் 5 5600. பிராசசருக்கு அருகில் உள்ள முதல் எம்.2 இடம் (என்விஎம்இ டிரைவைச் செருகும் துளை) நேரடியாகப் பிராசசரோடு பேசுவதால் பிசிஐஇ இணைப்பின் நான்காம் தலைமுறை (ஜென் 4) வேகத்தில் ஓடுகிறது. கீழே உள்ள இரண்டாவது இடம் சிப்செட் என்னும் மதர்போர்டின் துணைச் சில்லு வழியாகச் செல்வதால் மூன்றாம் தலைமுறையோடு, அதாவது நொடிக்குச் சுமார் 3,500 எம்பியோடு நின்றுவிடும். கிராபிக்ஸ் கார்டு வாங்காமல் சமாளிப்பதற்காக நம் பக்கத்து வீடுகளில் அதிகம் வாங்கப்படும் ரைசன் 5 5600ஜி பிராசசரில் முதல் இடமும் மூன்றாம் தலைமுறைதான். அப்படிப்பட்ட கணினிக்கு 7,000 எம்பி டிரைவை வாங்கிச் செருகினால் கொடுத்த பணத்தில் பாதி உறங்கிக்கொண்டிருக்கும். வாங்கும் முன் மதர்போர்டின் கையேட்டில் எம்.2 பற்றிய பக்கத்தை மட்டுமாவது படித்துவிட வேண்டும்.

பொருத்துவது எளிது, ஆனால் இரண்டு இடங்களில் நிதானம் வேண்டும். டிரைவைச் சாய்வாகச் செருகி, தங்கநிற விளிம்பு முழுவதும் உள்ளே போனபின் மெல்லக் கீழே அழுத்தித் திருகாணியை முடுக்க வேண்டும். திருகாணி உட்காரும் பித்தளைத் தாங்கி 80 மில்லிமீட்டர் நீளத்துக்கான துளையில் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்வது நல்லது. அடுத்தது, மதர்போர்டோடு வரும் அலுமினிய வெப்பத்தகட்டின் அடியில் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரித்துவிட்டுத்தான் தகட்டை மூட வேண்டும். பழுதுக்கு வரும் கணினிகளில் இந்தத் தாள் உரிக்கப்படாமலேயே இருப்பதை அடிக்கடி பார்ப்பதாகக் கடைக்காரர் சொன்னார். தாள் இருந்தால் தகடு இருந்தும் பயனில்லை.

விலை குறைந்த எஸ்எஸ்டிகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏமாற்றம் அதிகம் நடப்பது அங்கேதான். எஸ்எஸ்டி சில்லில் தரவைத் தாங்கும் நுண்ணிய அறையான செல் ஒன்றில் மூன்று பிட் வைப்பது டிஎல்சி, நான்கு பிட் வைப்பது க்யூஎல்சி. நான்கு பிட் வைக்கும்போது அதே சில்லில் அதிக இடம் கிடைக்கிறது, ஆனால் எழுதுவது மெதுவாகிறது, ஆயுளும் குறைகிறது. இந்த மெதுவை மறைக்க எல்லா நிறுவனங்களும் டிரைவின் காலியிடத்தில் ஒரு பகுதியைச் செல்லுக்கு ஒரே பிட் என்று தற்காலிகமாகப் பயன்படுத்தி, வருகிற தரவை முதலில் அங்கே வேகமாக எழுதிவிட்டு, ஓய்வு நேரத்தில் மற்றச் செல்களுக்கு மாற்றுகின்றன. அந்தத் தற்காலிக இடம் இருக்கும்வரை பெட்டியில் போட்ட வேகம் கிடைக்கும். அது நிரம்பியபின் என்ன நடக்கிறது என்பதைத் தம்பியின் நண்பர் ஒருவருடைய கணினியில் நேரில் பார்த்தோம். ஒரு பெரிய கல்யாணத்தின் வீடியோக் கோப்புகள் முழுவதையும் ஒரு மலிவு விலை என்விஎம்இ டிரைவுக்கு அவர் நகலெடுத்தார். விண்டோஸின் நகல் பெட்டியில் பச்சை வரைபடம் முதலில் உயரத்தில் நேர்கோடாகப் போய், பாதிக்கு மேல் வந்ததும் ஒரேயடியாகச் சரிந்து, ஹார்டு டிஸ்க்கின் வேகத்தைத் தொட்டுக்கொண்டு கடைசிவரை அப்படியே நகர்ந்தது. டிரைவில் ஏற்கெனவே நிறைய நிரம்பியிருந்ததால் தற்காலிக இடமும் சுருங்கியிருந்தது. அந்த டிரைவில் பழுது எதுவும் இல்லை. அதன் இயல்பே அதுதான்.

பெட்டியில் க்யூஎல்சி என்று கொட்டை எழுத்தில் போட மாட்டார்கள். கண்டுபிடிக்க எளிய வழி, மொத்தம் எவ்வளவு தரவு எழுதலாம் என்று நிறுவனம் அறிவிக்கும் அளவைப் பார்ப்பது. 1 டிபி டிரைவில் அது 600 டிபி என்றிருந்தால் பெரும்பாலும் டிஎல்சி. 200ஐ ஒட்டியிருந்தால் க்யூஎல்சி என்று ஐயப்பட வேண்டும். க்யூஎல்சி டிரைவான குரூஷியல் பி3 1 டிபியின் அறிவிக்கப்பட்ட அளவு 220 டிபி. மின்னஞ்சல், படிப்பு, படம் பார்ப்பது என்று மட்டும் பயன்படும் கணினிக்கு அது போதும், குறை சொல்ல மாட்டேன். நூற்றுக்கணக்கான ஜிபியை ஒரே மூச்சில் எழுதும் வேலை உள்ளவர்கள் அதை வேலை டிரைவாக வைக்கக் கூடாது.

இரண்டாவது டிரைவாக என்விஎம்இயே வாங்காமல் சாட்டா 870 ஈவோவை ஏன் வைத்தோம் என்று கேட்பவர்கள் உண்டு. கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் வைத்தோம். தம்பியின் கேமராக்களில் இருப்பவை யுஎச்எஸ்-1 வகை மெமரி கார்டுகள். அந்த வகையின் வரையறுக்கப்பட்ட உச்சம் நொடிக்கு 104 எம்பி, நடைமுறையில் 90 கிடைத்தால் நல்லது. ஒரு 64 ஜிபி கார்டைக் காலி செய்யச் சுமார் 12 நிமிடம் ஆகும். எதிரில் இருப்பது 560 எம்பி டிரைவாக இருந்தாலும் 7,000 எம்பி டிரைவாக இருந்தாலும் அந்த 12 நிமிடம் குறையப் போவதில்லை. வீடியோவிலும் அப்படியே. நொடிக்கு 100 மெகாபிட் வீதம் பதிவான 4கே வீடியோவுக்குத் தேவை 12.5 எம்பி மட்டுமே; முகூர்த்தத்தை நான்கு கேமராவில் எடுத்து நான்கையும் ஒரே நேரத்தில் ஓட்டினாலும் 50 எம்பியைத் தாண்டாது. அந்த 50 எம்பியை ஹார்டு டிஸ்க்கும் கொடுக்கும் என்று வாதிடலாம், ஆனால் நான்கு கோப்புகளுக்கு இடையே முனை மாறி மாறி ஓட வேண்டியிருப்பதால் அது திக்கித் திணறும். எஸ்எஸ்டிக்கு அந்த ஓட்டம் இல்லை. 870 ஈவோ 2021இல் வந்தது, தனி டிராம் உள்ளது, டிஎல்சி, இதற்கும் 600 டிபியும் ஐந்து ஆண்டும் உத்தரவாதம். சாட்டா இணைப்பின் எல்லையை இது தொட்டுவிட்டதால் இதைவிட வேகமான சாட்டா டிரைவுக்காகக் காத்திருப்பதில் பொருளில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. பல மதர்போர்டுகளில் இரண்டாவது எம்.2 இடத்தில் டிரைவைச் செருகினால் சாட்டா துளைகளில் இரண்டு செயலிழந்துவிடும், ஏனென்றால் இரண்டும் ஒரே பாதையைப் பகிர்ந்துகொள்கின்றன. டிரைவைப் போட்டுவிட்டுப் பழைய ஹார்டு டிஸ்க் காணாமல் போய்விட்டது என்று பதறுபவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். கேபிளை வேறு துளைக்கு மாற்றினால் திரும்ப வந்துவிடும்.

ஹார்டு டிஸ்க்கைத் தேர்ந்தெடுப்பதில்தான் நான் அதிக நேரம் செலவிட்டேன். ஒரே கொள்ளளவு, ஒரே நிறுவனம், ஏறத்தாழ ஒரே தோற்றம் கொண்ட இரண்டு டிஸ்க்குகளுக்குள் எழுதும் முறையே வேறாக இருக்கிறது. வழக்கமான முறை சிஎம்ஆர். அதில் தடங்கள் ஒன்றோடொன்று தொடாமல் இருக்கும். எஸ்எம்ஆர் முறையில், ஓட்டு வீட்டுக் கூரையில் ஓடுகளை அடுக்குவதுபோல் ஒரு தடத்தின் விளிம்பின்மேல் அடுத்த தடம் படிகிறது. இடம் மிச்சம், ஆனால் நடுவில் ஒன்றை மாற்றி எழுத வேண்டுமானால் அதையடுத்துள்ளவற்றையும் எடுத்துத் திரும்ப எழுத வேண்டும். படிக்கும்போது எந்த வேறுபாடும் தெரியாது. பெரிய அளவில் தொடர்ந்து எழுதும்போதும், பழையதை அழித்துப் புதிதாக நிரப்பும்போதும் வேகம் நொறுங்கிப் போகும். கடைகளில் முதலில் எடுத்து நீட்டப்படும் சீகேட் பாரகுடா 2 டிபி, 4 டிபி டெஸ்க்டாப் டிஸ்க்குகள் எஸ்எம்ஆர் வகை; எந்த வரிசை எந்த முறை என்று சீகேட் தன் தளத்திலேயே பட்டியல் வெளியிட்டிருக்கிறது. வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் ரெட் வரிசையின் சில டிஸ்க்குகளில் எஸ்எம்ஆர் முறையைச் சொல்லாமலேயே புகுத்தியது 2020இல் வெளிப்பட்டுப் பெரும் எதிர்ப்பு எழுந்தது. அதன் பிறகே சிஎம்ஆர் டிஸ்க்குகளுக்கு ரெட் பிளஸ் என்று தனிப் பெயர் வைத்தார்கள்.

அயர்ன்வுல்ஃப் வரிசை முழுவதும் சிஎம்ஆர். எங்களிடம் இருப்பது நிமிடத்துக்கு 5,400 சுற்று ஓடும் 4 டிபி வகை, மூன்று ஆண்டு உத்தரவாதம். 7,200 சுற்று இல்லையே என்று நண்பர்கள் குறைப்பட்டார்கள். முடிந்த வேலைகளை வரிசையாகக் கொட்டி வைப்பதும், வாடிக்கையாளர் கேட்டால் ஒரு தொகுப்பைத் திரும்ப எடுப்பதும்தான் இதன் வேலை. அதற்கு இந்த வேகம் தாராளம், சூடும் சத்தமும் குறைவு. குறை என்று சொல்வதானால், ஓய்வுக்குப் போன டிஸ்க்கை எழுப்பும்போது தட்டு முழுச் சுழற்சிக்கு வரும்வரை சில நொடிகள் கணினியே உறைந்ததுபோல் நிற்கும். விண்டோஸின் பவர் அமைப்பில் ஹார்டு டிஸ்க் அணையும் நேரம் இயல்பாக 20 நிமிடம் என்றிருக்கிறது. வேலை நாட்களில் அதை நீட்டி வைத்தால் இந்தத் தடங்கல் வராது.

பிரித்து வைத்த முறையைச் சொல்கிறேன். எஸ்என்770இல் விண்டோஸ், மென்பொருள்கள், லைட்ரூமின் கேட்டலாக், அதன் முன்னோட்டக் கோப்புகள், எடிட்டிங் மென்பொருள்கள் வேலையின்போது எழுதும் தற்காலிகக் கோப்புகளான கேச். கேட்டலாக் என்பது ஆயிரக்கணக்கான சிறு பதிவுகள் கொண்ட தரவுத்தளம் என்பதால் வேகமான டிரைவில்தான் இருக்க வேண்டும். மூலப்படங்கள் அங்கே இருக்க வேண்டிய தேவையில்லை. ரேம் போதாதபோது விண்டோஸ் பயன்படுத்தும் பேஜ் ஃபைல் என்னும் கோப்பை ஹார்டு டிஸ்க்குக்கு மாற்றினால் எஸ்எஸ்டியின் ஆயுள் கூடும் என்று இன்னும் சிலர் அறிவுரை சொல்கிறார்கள். 600 டிபி தாங்கும் டிரைவில் அது வீண் கவலை, மாற்றினால் ரேம் நிரம்பும் நேரத்தில் கணினி முழுவதும் ஹார்டு டிஸ்க்கின் வேகத்துக்கு இறங்கிவிடும். 870 ஈவோவில் கார்டிலிருந்து இறக்கிய மூலப்படங்களும் வீடியோவும், ஆல்பம் ஒப்படைக்கும்வரை. ஒப்படைத்தபின் முழுத் தொகுப்பும் அயர்ன்வுல்ஃபுக்குப் போய்விடும். இப்படிச் செய்யும்போது மூலத்தைப் படிப்பது ஒரு டிரைவிலும், கேச் எழுதுவது இன்னொன்றிலும், இறுதி வீடியோவை வெளியிடுவது மூன்றாவதிலும் நடக்கிறது. ஒன்றுக்காக ஒன்று காத்திருப்பதில்லை. இரண்டு எஸ்எஸ்டிகளிலும் ஐந்தில் ஒரு பங்கு இடத்தை எப்போதும் காலியாக விடுகிறோம்.

ஒரே டிஸ்க்கை சி, டி, ஈ என்று மூன்றாக வெட்டித் தருவது நம் ஊர்க் கணினிக் கடைகளில் நெடுநாள் வழக்கம். விண்டோஸைத் திரும்பப் போடும்போது கோப்புகள் தப்பிக்கும் என்பது ஒன்றுதான் அதன் பயன். வேகம் அதிகரிக்காது, ஹார்டு டிஸ்க்கில் இரண்டு பகுதிகளுக்கு இடையே நகலெடுத்தால் முனை அங்குமிங்கும் ஓடி இன்னும் மெதுவாகும், டிஸ்க் செத்தால் மூன்றும் சேர்ந்தே போகும். இரண்டு டிரைவுகளை ஒன்றாக்கி வேகம் பெறும் ரெய்டு 0 முறையும் வீட்டுக்குத் தேவையில்லை. 1988இல் பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் ரெய்டு பற்றிய கட்டுரையை எழுதிய காலத்தில் வட்டு ஒன்றின் வேகம் மிகக் குறைவு, பலவற்றைச் சேர்ப்பதற்கு வலுவான காரணம் இருந்தது. இன்று ஒரே என்விஎம்இ டிரைவ் அந்தத் தேவையைத் தீர்த்துவிடுகிறது. ரெய்டு 0இல் இரண்டில் எது பழுதானாலும் எல்லாம் போய்விடும்.

டிரைவுகளை வாங்கியது கோவை காந்திபுரத்தில் உள்ள ஒரு கடையில். அங்கே எனக்குப் பிடித்தது, விலைப்பட்டியலை எடுப்பதற்கு முன் கடைக்காரர் கேட்ட கேள்வி. "என்ன வேலைக்குங்க? போட்டோவுங்களா, வீடியோவுங்களா, இல்லைன்னா பசங்க கேம் ஆடறதுக்குங்களா?" என்றார். "கல்யாண போட்டோவுங்ணா, கொஞ்சம் வீடியோவும் வருமுங்க" என்று தம்பி சொன்னதும், "அப்பறம் எதுக்குங்க ஜென் 5 எல்லாம்? அந்தக் காசுல நல்ல ஹார்டு டிஸ்க்கு ஒண்ணு சேத்து வாங்கிக்கோங்க" என்றார். விலை கூடியதை விற்க முடிந்த இடத்தில் வேலைக்கு ஏற்றதைச் சொன்ன அந்த நேர்மைக்காகவே அந்தக் கடையை மனமாரப் பாராட்டுகிறேன். சிஎம்ஆர் வேண்டும் என்றதற்கு ஏன் என்று எதிர்க்கேள்வி கேட்காமல் மாடல் எண்ணைத் தளத்தில் சரிபார்த்துக் காட்டினார். குறையும் உண்டு: அயர்ன்வுல்ஃப் அப்போது இருப்பில் இல்லை, வரவழைக்க வேண்டியிருந்தது, சாட்டா கேபிளைத் தனியாகத்தான் வாங்க வேண்டும் என்பதைக் கேட்ட பிறகே சொன்னார்கள். நினைவகச் சில்லுகளின் விலை ஏறி இறங்கிக்கொண்டே இருப்பதால் நாங்கள் கொடுத்த விலையை இங்கே எழுதுவது எவருக்கும் உதவாது.

எங்கே வாங்கினாலும் ஜிஎஸ்டி பில்லில் டிரைவின் வரிசை எண்ணை எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த எண்ணை நிறுவனத்தின் உத்தரவாதப் பக்கத்தில் கடையிலேயே போட்டுப் பார்த்தால், இந்தியாவில் உத்தரவாதம் உண்டா, எந்தத் தேதி வரை என்று தெரிந்துவிடும். வீட்டுக்கு வந்ததும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்னும் இலவச மென்பொருளில் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று பார்ப்பது அடுத்த வேலை. புதிய டிரைவில் அது பூஜ்ஜியத்தை ஒட்டி இருக்க வேண்டும். அதுவும் முழு நம்பிக்கைக்கு உரியதன்று. டேட்டா சென்டர்களில் ஆண்டுக்கணக்கில் ஓடிய சீகேட் டிஸ்க்குகளின் கணக்கை அழித்துப் புதியவை என்று சில விற்பனையாளர்கள் விற்றது 2025இன் தொடக்கத்தில் ஜெர்மனியில் வெளிவந்தது. சீகேட் டிஸ்க்கில் ஃபார்ம் என்னும் தனிப் பதிவு ஒன்று உண்டு. ஸ்மார்ட்மான்டூல்ஸ் மென்பொருளால் அதைப் படிக்கலாம், இரண்டு கணக்கும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

விண்டோஸ் போடும்போது மற்ற இரண்டு டிரைவுகளின் கேபிள்களையும் கழற்றிவிட வேண்டும். கழற்றாவிட்டால் விண்டோஸ் தன் துவக்கப் பகுதியை வேறு டிரைவில் கொண்டுபோய் வைத்துவிடக் கூடும். பின்னொரு நாள் அந்த டிரைவை எடுத்தால் கணினி எழாது. 4 டிபி டிஸ்க்கைத் தயார் செய்யும்போது, அதன் பகுதிகளைக் குறித்து வைக்கும் முறைகளில் ஜிபிடியைத் தேர்ந்தெடுக்க வேண்டும், பழைய எம்பிஆர் முறை 2 டிபிக்கு மேல் காட்டாது. 1 டிபி என்று வாங்கியது 931 ஜிபி என்று தெரிவதில் ஏமாற்று எதுவும் இல்லை. நிறுவனம் ஆயிரங்களில் எண்ணுகிறது, விண்டோஸ் 1,024களில் எண்ணுகிறது.

திருப்பூரிலும் பல்லடத்திலும் சோமனூரிலும் கணினி வைத்திருப்பவர்களுக்குப் பஞ்சுத் தூசி தனிப் பிரச்சினை. பனியன் கம்பெனியோ தறிக்கூடமோ அருகில் இருந்தால், கேபினெட்டின் முன்பக்க வலையில் வெள்ளை மெத்தைபோல் பஞ்சு படிந்துவிடும். காற்று உள்ளே போகாமல் முதலில் சூடாவது அதன் பின்னால் உள்ள ஹார்டு டிஸ்க்தான். வலையைக் கழற்றித் துடைத்தாலே டிஸ்க்கின் வெப்பம் கண்ணுக்குத் தெரியும்படி இறங்குகிறது. ஈரோடு, கரூர் பக்கத்துச் சித்திரை வெயிலில் இது இன்னும் முக்கியம். என்விஎம்இ டிரைவ் அளவுக்கு மேல் சூடானால் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். கிராபிக்ஸ் கார்டுக்கு நேர் அடியில் உள்ள எம்.2 இடத்தில் இது விரைவில் நடக்கும்.

மின்சாரம் அடுத்தது. துணை மின் நிலையப் பராமரிப்புக்காக அறிவித்து நிறுத்துவது பிரச்சினையே அல்ல, அன்று வேலையை வேறு நேரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். கோடை மழைக் காற்றில் சொல்லாமல் போய்ப் போய் வரும் மின்சாரம்தான் ஆபத்து. வீட்டு உபயோக எஸ்எஸ்டிகளில் மின்சாரம் போனபின் பாதியில் நிற்கும் எழுத்தை முடிக்கும் அளவுக்கு மின்தேக்கிகள் இருப்பதில்லை. கேட்டலாக் எழுதப்படும் கணத்தில் நின்றால் அது சிதையலாம். ஒரு 600 விஏ யுபிஎஸ் சேமித்து மூடுவதற்கு வேண்டிய சில நிமிடங்களைக் கொடுக்கிறது. 990 புரோவுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தை யுபிஎஸ்ஸில் போடுவது சிறந்த முடிவு என்று எவரிடமும் சொல்வேன்.

இந்த மூன்றுக்கும் வெளியே, மாதக் கடைசியில் மட்டும் இணைக்கும் வெளி ஹார்டு டிஸ்க் ஒன்று இருக்கிறது. நகலெடுத்தபின் அவிநாசியில் மாமா வீட்டு அலமாரிக்குப் போய்விடும். கல்யாணப் படத்தைத் திரும்ப எடுக்க முடியாது. அயர்ன்வுல்ஃபில் இருப்பது ஒரே பிரதி என்றால் அதைப் பாதுகாப்பு என்று சொல்லக் கூடாது. ஒரே தரவை இரண்டு டிஸ்க்குகளிலும் எழுதும் ரெய்டு 1 முறையில் வைத்தாலும், தவறுதலாக அழித்த கோப்பு இரண்டிலும் ஒரே நேரத்தில் அழியும், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் இரண்டையும் பூட்டும், இடி இரண்டையும் எரிக்கும். கம்பி இணைப்பே இல்லாமல் வேறு வீட்டில் இருக்கும் பிரதிக்கு இந்த ஆபத்துகள் எட்டாது. இந்த வேலைக்கு எஸ்எம்ஆர் வகை வெளி டிஸ்க் போதும், மெதுவாக எழுதினாலும் அவசரமில்லை.

இதே அமைப்பை எல்லோரும் வாங்க வேண்டும் என்று சொல்ல மாட்டேன். படிப்பும் கணக்கும் மட்டும் உள்ள வீட்டுக்கு 1 டிபி டிஎல்சி என்விஎம்இ ஒன்றும் வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றும் போதும், நடுவில் சாட்டா எஸ்எஸ்டி வேண்டாம். பெரிய விளையாட்டுகளை ஏற்றுபவர்கள் 2 டிபி என்விஎம்இயாகவே வாங்கிவிடலாம். கம்ப்ரஸ் செய்யாத வீடியோவோடு வேலை செய்பவர்களுக்கு மட்டுமே இரண்டாவது டிரைவும் என்விஎம்இயாக இருப்பதில் பயன் உண்டு. எம்.2 இடமே இல்லாத பழைய கணினி வைத்திருப்பவர்கள் புதிய கணினிக்காகப் பணம் சேர்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம். 870 ஈவோ போன்ற டிராம் உள்ள சாட்டா எஸ்எஸ்டியின் 500 ஜிபி அளவை வாங்கி விண்டோஸை அதற்கு மாற்றிவிட்டு, இருக்கும் ஹார்டு டிஸ்க்கை அப்படியே கோப்புகளுக்கு வைத்துக்கொள்ளலாம். புதிய கணினி வரும் நாளில் அந்த எஸ்எஸ்டி அதற்கு இரண்டாவது டிரைவாகும்.